கால்குலேட்டரின் ஆயுள்

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து தமயந்தியின் கணக்குப்பதிவியல் பாடங்களுக்கு அந்தக் கால்குலேட்டர்தான் துணை. பழைய பேருந்து, நாற்காலி, இயந்திரம் என்று எதற்குத் தேய்மானம் போட்டு, வருடாவருடம் குறையும் மதிப்பைக் கேட்டாலும் உற்சாகமாக விடை சொல்லும். “நீயும் தேஞ்சுக்கிட்டேதானே போறே?” என்று பக்கத்திலிருந்த ரப்பரையும் சீண்டும்.

இறுதியாண்டில் ஒருநாள் பேராசிரியர், “உங்க சொந்தப் பொருள் ஒண்ணுக்குத் தேய்மானம் போடுங்க” என்றார்.

தமயந்தி எழுதினாள்: ‘கால்குலேட்டர். வாங்கி மூன்று ஆண்டு. ஆயுள் மூன்று ஆண்டு.’

கால்குலேட்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அண்ணே, ஒரே ஒரு தடவை தப்பாக் காட்டிடுங்க” என்று கிசுகிசுத்தது ரப்பர்.

“தப்பா? நானா?”

அவள் விலையை அழுத்தினாள், தேய்மானத்தைக் கழித்தாள். நடுங்கிக்கொண்டே அது தன் முகத்தில் பூஜ்யத்தைக் காட்டியது.

“சரியா வந்திருக்கா?” என்றாள் தோழி.

“இது தப்பே பண்ணாதுடி.”