முகம் தெரிய ஒரு படம்

"அந்த மாஸ்க்கைக் கழட்டும்மா. நான் உன்னைப் படம் எடுக்கணுமா, அதைப் படம் எடுக்கணுமா?"

கண்ணாடிக்கடை அம்மா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி சிரித்தார். ஊர்ச் சேவைச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். சங்க அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. அவருடைய கடையின் பின்னறைதான். ஒரு பக்க அலமாரியில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள், மறுபக்கம் உதவித்தொகைக் கோப்புகள்.

சுவரோரம் நின்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சோதனைக்குழாய் கழுவுகிற வேலை அவளுக்கு. மாஸ்க் வேலைக்காகப் போட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவிலும் பஸ்ஸிலும்கூட அவள் அதைக் கழற்றியதில்லை.

"மேடம், படம் இல்லாம முடியாதா? கையெழுத்து எத்தனை வேணாலும் போட்டுத் தரேன்."

"உன் கையெழுத்தை வச்சு நான் ஊறுகாயா போடறது? முகம் தெரியற மாதிரி ஒரு படம் வேணும், இது விதி. இல்லைன்னா காசோலை இந்த மேஜையை விட்டு நகராது. சாயங்காலத்துக்குள்ள கல்லூரியில கட்டலைன்னா உன் இடம் இன்னொருத்திக்குப் போயிடும். தெரியுமில்ல?"

தெரியும். இரண்டு வருடம் படித்து, கல்யாணத்தோடு விட்டுப்போன பரிசோதனைக்கூடப் படிப்பு. மிச்சமிருந்தது ஒரே ஒரு வருடம். முடித்துவிட்டால் இன்னும் தூரமாக ஏதாவது ஓர் ஊரில் நல்ல சம்பளத்துக்குப் போய்விடலாம்.

கடை வாசலில் மணி கிணுகிணுத்தது. ஓர் ஆண் குரல். அவள் சட்டென்று அலமாரியின் பின்னால் ஒதுங்கினாள்.

செயலாளர் எழுந்து போய், யாருக்கோ கண்ணாடியில் திருகாணி முடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அவள் இன்னும் அலமாரி மறைவிலேயே நின்றாள். வாசல் கதவு மூடிய பிறகுதான் எட்டிப் பார்த்தாள்.

"உட்காரு. யாருக்கும்மா இவ்வளவு பயப்படறே?"

"என் வீட்டுக்காரருக்கு."

அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை பாதியில் மடங்கியே நின்றது, அதற்கு மேல் நிமிரவில்லை.

"இது அவர் பண்ணினதுதான். ஓடி வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. எங்க போனாலும் தேடிப் பிடிப்பேன், அடுத்தது கழுத்துதான்னு சொல்லியிருக்கார். சொன்னா செய்யற ஆளு, மேடம். பேப்பர்ல என் படம் வந்துதுன்னா..."

"அட, பேப்பர்லயா!" செயலாளர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆளுயர அட்டைக் காசோலை, நடுவுல தலைவர், ஓரத்துல பாதி முகம் வெட்டுப்பட்டு வாங்கறவங்க. அதெல்லாம் பழைய நிர்வாகம், கண்ணு. நான் வந்ததும் முதல் வேலையா அதை நிறுத்தினேன். இங்க எல்லாமே எண்தான். நீ ஏழாம் எண். உன் பேரு, விலாசம் எல்லாம் இந்தப் பீரோவுக்குள்ள. சாவி என் இடுப்புல. தலைவருக்கே தெரியாது. அவருக்கு ரொம்பக் கோபம்!"

"அப்ப படம் எதுக்கு?"

"ஒரே ஒருத்தருக்கு. இந்த உதவித்தொகைக்குப் பணம் தர்ற மனுஷர். நிஜமாவே ஒரு பொண்ணுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கணுமில்ல? ஏமாத்தற சங்கமும் இருக்கே. அவர் பேரு கேட்கலை, ஊரு கேட்கலை. முகம் மட்டும் பார்த்தாப் போதும்னார்."

"எப்படிப்பட்டவர்?"

"தங்கமானவர். நேர்ல பார்த்ததில்லை, எல்லாம் போன்லதான். மனைவி தவறிட்டாங்களாம். அவங்க நினைவா, படிப்பைப் பாதியில விட்ட பொண்ணுங்களுக்காக, நாலு வருஷமா பதினோரு ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுக்கறார். வருஷா வருஷம் படம் அனுப்பறோம், ஒரு வார்த்தை பதில் வராது. அவ்வளவு அடக்கம்."

மனைவியை இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறவர்களும் உலகத்தில் உண்டா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால். கல்லூரி அலுவலகம் ஐந்துக்குப் பூட்டிவிடும்.

"அவர் ஒருத்தரைத் தவிர வேற யாருக்கும் போகாதே, மேடம்?"

"என் பொண்ணு மேல சத்தியம்."

காதோரம் இருந்த நாடாவை மெதுவாக எடுத்தாள். மாஸ்க் மடியில் விழுந்தது.

"அடேயப்பா, இந்த முகத்தையா மூடி வச்சிருந்தே? கொஞ்சம் நிமிர்ந்து பாரு. அவ்வளவுதான். பல்லு பிடுங்கற மாதிரி பண்ணிட்டியே!"

கைபேசி ஒருமுறை கிளிக் என்றது. செயலாளர் படத்தை அனுப்பினார், காசோலையில் கையெழுத்திட்டார், ஊதி மையைக் காயவைத்து அவள் கையில் கொடுத்தார்.

மூடாத முகத்தில் மின்விசிறிக் காற்று பட்டது. ஐந்து வருடத்தில் முதல்முறையாக, வெளி ஆள் முன்னால் அவள் சிரித்தாள்.

மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது.

"பாரேன், அவரே பதில் போட்டிருக்கார்! நாலு வருஷத்துல இதுதான் முதல் தடவை. உன் ராசிம்மா!" என்று உற்சாகமாக வாசிக்கத் தொடங்கிய செயலாளரின் குரல், போகப் போகத் தேய்ந்தது:

"'இனிமே யாருக்கும் உதவித்தொகை வேண்டாம். தேடின ஆள் கிடைச்சாச்சு. கிளம்பிட்டேன், நான் வர்ற வரைக்கும் அவளை அங்கேயே உட்கார வச்சிருங்க.'"