சாக்குச் சுற்றிய முதிகா

முள்வேலிக்கு இந்தப் பக்கம் நான் கீரை பறிக்கிறேன். கண் மட்டும் அந்தப் பக்கம். கதோனி தன் முதிகா மரத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புகிறாள். நெஞ்சிருமலுக்கு முதிகாப் பட்டைதான் எங்களுக்கு மருந்து. இது அவள் புருஷன் முரீதி நட்ட மரம். சூரியன் உதிக்கும் பக்கம் ஒரு கை அகலம் உரித்தால், அந்தப் புண் மூடும்வரை மறுபக்கத்தில் கத்தி படக் கூடாது என்பான். நேற்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில், அவன் தம்பி கிச்சுகி மரத்தைச் சுற்றி முழுசாகப் பட்டையை உரித்து லாரிக்காரனுக்கு விற்றுவிட்டான். நானும் சந்தைக்குப் போய்த் தொலைந்திருந்தேன். சுற்றி உரித்த மரம் பிழைக்காது. பனி விலகாத வெளிச்சத்தில் முரீதி வாசலில் உட்கார்ந்து இருமுகிறான். போர்த்திய கம்பளி தோளெலும்போடு ஏறி இறங்குகிறது. கதோனி அவசரமாகக் காப்பிச் சாக்கை மரத்தில் சுற்றுகிறாள்.

"என்னடி, மரத்துக்குப் பாவாடை கட்டுற?"

"எறும்பு ஏறுது."

"இத்தன நாளா இல்லாத எறும்பா? ஏ வேலிக்காரி, நீ சொல்லு. உனக்குத் தெரியாம எறும்புகூட ஊருக்குள்ள வராதே."

கதோனி என்னைப் பார்க்கிறாள். அவள் விரலிடுக்கில் சாணி வழிகிறது.

"ஆமாண்ணே, எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்," என்கிறேன்.

"சரி, சரி. என் இருமலுக்கு உரிச்ச அந்தப் புண்ணு மூடட்டும், நானும் எந்திரிச்சிருவேன்," என்று அவன் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். மேலே இலைகள் பச்சைப்பசேலென்று மினுங்குகின்றன. அவற்றுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.