கீழிருந்து கீறிய படம்

திரையில் என் வீட்டுக்காரர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

மலைச்சரிவின் அடியில் புள்ளியாகத் தோன்றி, தலையில் தகரப் பெட்டியோடு, முதுகைக் காட்டியபடியே மேலேறி வந்தார்.

நான் கீறியது அவர் இறங்கிப் போவதை.

எஸ்டேட் கிளப்பில் சிரிப்புக் கிளம்பியது. "யாத்தே, சின்னமுத்தண்ணன் திரும்பி வாறாரு. மூஞ்சியக் காட்டத்தான் வெக்கப்படுறாரு" என்றாள் பக்கத்து லயத்து வீட்டுச் சந்தனம்.

எழுபத்து நாலில், சித்திரபுரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சன்னல்களைச் சாக்குப் போட்டு மறைத்திருந்தோம்.

மாதம் ஒருமுறை மிஷினோடு வந்து படம் காட்டும் இன்னாசிராஜ், கழித்துப்போட்ட கறுப்புப் பிலிம் ஒன்றை எனக்குத் தந்திருந்தார். என் உயரத்துக்கு ஒரு துண்டு. சுண்டுவிரல் நகத்தளவு கட்டங்கள், இருநூறு. கட்டத்துக்கு ஒரு படம் ஊசியால் கீறினால் ஆள் நடப்பான் என்றார்.

மூன்று மாதம் கீறினேன். இந்த எஸ்டேட்டிலேயே சினிமா எடுத்த முதல் பொம்பளை நான்தான் என்று குழாயடியில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஓடி முடிய எட்டே விநாடி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

எல்லாம் என் மகள் ராமுத்தாய்க்காக. அப்பா போன அன்று அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவராகத்தான் போனார் என்று சொல்லி வைத்திருந்தேன். தன்னை எழுப்பாமல் போய்விட்டாரே என்று இரண்டு வருடமாக அவர்மேல் கோபமாக இருந்தாள்.

நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசிக்காவது தைரியம் இருக்கும் என்று நினைத்தேன்.

பிலிமை ஆணியில் தொங்கவிட்டு, கீழ்க்கட்டத்தில் ஆரம்பித்து மேலே போனேன். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், சரிவின் அடியில் பிடித்து மேலே ஏறித்தான் பழக்கம்.

மிஷினோ மேலிருந்து தின்றது.

திரையில் அவர் வாசலுக்கே வந்துவிட்டார். பெட்டியை இறக்கி வைத்தார். வாசற்படிக்கு உள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு, பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிறகு வெறும் வெள்ளை.

ராமுத்தாய் என் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நீ வாங்கி உள்ள வச்சுட்ட."

நான் முதன்முதலில் கீறியது அந்தக் கையைத்தான். பெட்டியை வெளியே தள்ளிய கை.

இன்னாசிராஜ் தலையைச் சொறிந்தார். "மேலேயிருந்துல்லக்கா கீறணும். இப்பத் திருப்பிப் போட்டா போவாரு. ஆனா தலைகீழாத்தான் நடந்து போவாரு. போடவா?"

தலைகீழாக இருந்தாலும் உண்மை தெரிந்திருக்கும்.

"வேண்டாம் தம்பி. இதையே இன்னொரு தடவை போடுங்க."

அன்று ஒன்பது தடவை போட்டார். ஒன்பது தடவையும் நான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.