நிழல் உபயம்: கீழத்தெரு குணசீலன்

நன்கொடை கொடுத்தவரின் பெயரைச் சொல்லாத பொருள் எதுவும் அந்த ஏரிக்கரையில் கிடையாது. தூர்வாரியது, கரை கட்டியது, மரம் வளர்த்தது எல்லாமே உபயதாரர்கள் பணம். அதனால் பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு பேசும். வேப்பமரத்தடியில் ஒதுங்கினால், "நிழல் உபயம்: கீழத்தெரு குணசீலன்" என்று நிழலே கணீரென்று அறிவிக்கும்.

ஏரிக் காவலாளி துரைக்கண்ணுவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். குணசீலன் அவர் மனைவியின் அண்ணன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் துரைக்கண்ணுவின் பெயரைப் போடாமல் விட்ட ஆள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த நிழலை மிதிக்க மாட்டேன் என்று மத்தியான வெயிலில் நின்றபடியே சோறு தின்று, மனிதர் கருவாடாகிவிட்டார்.

கடைசியில் ஏரிச் சங்க ஆபீசுக்கே போனார். "எம்பேருக்கும் ஏதாச்சும் குடும்மா."

"எல்லாம் போயிடுச்சே அண்ணே. தவளையக்கூட உங்க மச்சான் எடுத்துட்டாரு," என்றாள் செயலாளர் மரகதம். "கொசு மட்டும் மிச்சம் இருக்கு. தவளைக்குத் தீனி வேணும்ல?"

துரைக்கண்ணு யோசிக்கவேயில்லை. உடனே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் குணசீலன் கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் தடித்து ஓடிவந்தார். "மாப்ள, ஒவ்வொண்ணும் காதுகிட்ட வந்து 'துரைக்கண்ணு உபயம்'னு சொல்லிட்டுக் கடிக்குது! அடுத்த பத்திரிகையில உங்க பேருதான் மொதல்ல. நிறுத்தச் சொல்லுங்க!"

துரைக்கண்ணு முதல்முறையாக அந்த நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தார்.

"என்னைக் கேட்டா? தவளையெல்லாம் உங்க உபயம்தான மச்சான், நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க."