தாளம் இல்லாத பாட்டு

"தாளமே இருக்கக் கூடாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

டிஜே அக்காவுக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"எதுலம்மா?"

"பொண்ணு மண்டபத்துக்குள்ள வரும்போது போடற பாட்டுல. டம் டம்னு ஒண்ணும் கேக்கக் கூடாது."

கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுவதுதான் அக்காவின் பிழைப்பு. எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்று ஜோடிகளுக்கு யோசனை சொல்வதும் அவள்தான். ஆனால் தாளமில்லாத பாட்டு கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

"அம்மா, நடந்து வரும்போது தாளம் விழற இடத்துல கால் விழணும். பாக்கறவங்க காலும் கூடவே தட்டும். எல்லார் கண்ணும் அந்த நடையிலேயே இருக்கும். அதுதானே அழகு?"

"அதான் வேண்டாங்கறேன்."

சோபாவில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் மெதுவாக வாய் திறந்தாள். "அத்தை, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அந்த டிரம்ஸ் பாட்டுக்கு ஆடிப் பழகிட்டாங்க. ஆடிக்கிட்டே என்னைக் கூட்டிட்டு வர்றதா..."

"மேடைக்கு வந்தப்புறம் விடிய விடிய ஆடட்டும். உள்ள வரும்போது வேண்டாம்."

"ஏன் அத்தை?"

"எனக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

மாப்பிள்ளையோ செல்போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, அந்த அறைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல உட்கார்ந்திருந்தான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார்களை எல்லாம் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள்! அவள் கல்யாணத்திலும் இதே கதைதான். ஆசை ஆசையாக அவள் கேட்டிருந்த பாட்டை, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார் அவள் மாமியார். அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஏன் என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

வேறு வழியின்றி, வயலினை மட்டும் இழுத்து இழுத்து வாசித்த ஓர் இசையைத் தேடிப் போட்டாள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை.

"இதேதான்!" என்று எழுந்தார் அந்த அம்மா. "மாத்திடாதீங்க."

மற்ற இருவரும் படியிறங்கியதும் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அக்கா.

"என்ன கண்ணு இது, இப்பவே இப்படி அடங்கிப் போறே?"

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "அப்பா கையைப் பிடிச்சிட்டு வரணும்னுதான்க்கா ஆசை. நான் மேடையிலேயே உக்காந்திருக்கேன், நீ வான்னுட்டார். எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன். சரி, ஃப்ரெண்ட்ஸோடயாவது சந்தோஷமா வரலாம்னு பாத்தா, இவங்க இப்படி."

"கவலைப்படாதே. அன்னைக்கு பட்டன் என் கையில. டிரம்ஸ் பாட்டையே போட்டுடறேன். மண்டபம் நிறைய ஆள் இருக்கும்போது உன் மாமியார் என்ன செய்வாங்கன்னு பாத்துடலாம்."

"வேண்டாம்க்கா, வம்பாயிடும்" என்றாள் பெண். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

கல்யாண நாள் வந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. கதவுக்கு வெளியே பெண், அவளுக்கு முன்னால் தோழிகள். டிரம்ஸ் பாட்டு தயாராக இருந்தது. அக்காவின் விரல் பட்டனுக்கு மேலே துறுதுறுத்தது.

அப்போது பெரியவர் ஒருவர் சுவரைப் பிடித்தபடி மேஜையருகே வந்தார்.

"நான் பொண்ணோட அப்பா. அந்தத் தாளமில்லாத பாட்டுதானே போடறீங்க?"

அக்கா திருதிருவென்று விழித்தாள். "ஏன்யா கேக்கறீங்க?"

அவர் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே இருந்தது செயற்கைக் கால்.

"போன வருஷம் விபத்துல போயிடுச்சு. தாளம் போட்டா நான் எங்க தப்பறேன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும். பொண்ணு கல்யாணத்துல நான் வேடிக்கைப் பொருளாக வேண்டாம்னுதான் வரலைன்னுட்டேன். சம்பந்தியம்மா விடலை. 'தாளமே இல்லாத பாட்டுக்கு நான் ஏற்பாடு பண்றேன். நிதானமா நடங்க, நடுவுல நின்னாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது'ன்னு சொன்னாங்க. தினமும் வீட்டுக்கு வந்து நடக்க வெச்சுப் பாத்தாங்க."

"இதைப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கடைசி நிமிஷத்துல நான் பின்வாங்கிட்டா குழந்தை ரெண்டாவது தடவை ஏமாந்துடுவாளே. 'அவ என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்'னுட்டாங்க."

அக்கா பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"அதே பாட்டுதான்யா. தைரியமாப் போங்க."

டிரம்ஸ் பாட்டை நீக்கிவிட்டு வயலினைத் தட்டினாள். பெரியவர் வாசலருகே போய் நின்றதும் கதவு திறந்தது. அப்பாவைப் பார்த்ததும் பெண் "அப்பா!" என்று கத்தியே விட்டாள். தோழிகள் விலகி வழிவிட்டார்கள்.

அப்பாவும் மகளும் நடந்தார்கள். பாதி வழியில் அவர் நின்று மூச்சு வாங்கினார். மகளின் காதில் ஏதோ சொன்னார். வயலின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் காலும் தட்டவில்லை, ஒருவர் கண்ணும் அவர் காலுக்குப் போகவில்லை. மகள் மட்டும் சட்டென்று திரும்பி, முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மாமியாரைத் தேடினாள்.

மேடையில் மாலை மாற்றி முடிந்ததும் அக்கா வெளியே வந்து தன் மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. என்னடி இது, வேலை நேரத்துல?"

"ஒண்ணு கேக்கணும். எங்க கல்யாணத்துல நான் ஆசையா கேட்ட பாட்டை வேண்டாம்னு நிறுத்தினீங்களே... ஏன் அத்தை?"

மறுமுனையில் மாமியார் பெருமூச்சோடு சிரித்தார்.

"அப்பாடா, இப்பவாவது கேட்டியே!"