எதிர்வீட்டு விளக்கு

“இன்னைக்கு அந்த விளக்கை அணைக்காம நான் திரும்பி வரமாட்டேன்” என்று டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“விடாதீங்க டீச்சர்” என்று இருட்டுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு டெய்லர் உற்சாகப்படுத்தினார். கூட வரத்தான் அவருக்குத் தைரியம் இல்லை.

கோடை முடிந்து முதல் மழை பெய்தால் போதும், அந்தத் தெருவில் ஈசல் கிளம்பிவிடும். வெளிச்சத்தைத் தேடி வந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு, மரத்துக்குள் புகுந்து கறையானாகக் குடித்தனம் நடத்தும். அதனால் பொழுது சாய்ந்ததும் யாரும் வெளியே தெரிகிற மாதிரி விளக்கு போடுவதில்லை என்று தெருவே கூடிப் பேசி முடிவு செய்திருந்தது.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் கடுகு. மனிதர் போன வாரம் கேட்டுக்கு மேலே ஒரு பெரிய வெள்ளை விளக்கை மாட்டி, ஊருக்கே தெரிகிற மாதிரி எரியவிட்டிருந்தார்.

டீச்சரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அவள் கணவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும். விளக்கை அணைத்தால் பயப்படுவார். ஜன்னலுக்கு வலை அடிக்கிறேன் என்று அளவெடுத்துப் போன தச்சர் போனவர் போனவர்தான்.

கடுகு விளக்கு மாட்டியதற்கு முதல் நாள், கணவரின் இமைமேல் ஈசல் ஊர்ந்தது. அவள் அடுக்களையிலிருந்து வந்து பார்க்கும்வரை மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். அன்றே அறையில் மங்கலான பல்பாக மாற்றிவிட்டாள். அதனால்தான் அப்புறம் ஈசல் வரவில்லை என்று நம்பினாள்.

கடுகு கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை, தலை, மீசை எங்கும் ஈசல். வாசல் முழுக்க உதிர்ந்த இறக்கைகள் காற்றில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

“தெருவே இருட்டுல உட்கார்ந்திருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன சார்?”

“எனக்கு இருட்டு பிடிக்காது.”

“உங்க கதவைப் பாருங்க, கறையான் ஏறிடுச்சு.”

“என் கதவுதானே?”

“நாளைக்கு என் வீட்டுக்கும் வரும். அவர் கிடக்கிற கிடை உங்களுக்குத் தெரியாதா? கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா?”

கடுகு வெடிக்கவில்லை. காதோரம் ஊர்ந்த ஈசலைத் தட்டிவிட்டு, “வீட்டுக்குப் போங்க டீச்சர். அவர் தனியா இருக்கார்” என்றார்.

டீச்சர் கை நீட்டி, தூணிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

தெரு ஒரேயடியாக அமைதியானது போலிருந்தது. வானத்தில் கொஞ்சம் ஊதா நிறம் மிச்சமிருந்தது. விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த ஈசல் கூட்டம் வழி தெரியாமல் அந்தரத்தில் மிதந்தது. இறக்கைகளின் சத்தம் தூக்கத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது. இவ்வளவு அழகா என்று தன்னை மறந்து நின்றாள் டீச்சர்.

பிறகு கூட்டம் அசைந்தது. அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து போனது. எல்லா வீடும் இருண்டிருக்க, எதிரே ஒரே ஒரு ஜன்னலில் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. அவள் கணவர் படுத்திருக்கும் ஜன்னல்.

“ஐயோ, அவர்!” என்றாள் டீச்சர்.

கடுகு பாய்ந்து சுவிட்சைப் போட்டார். ஜன்னலை நெருங்கிவிட்ட கூட்டம் தயங்கியது. மெல்லத் திரும்பியது. வந்த வழியே மிதந்து வந்து, அவர் தலைக்கு மேலே மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

டீச்சர் தன் ஜன்னலையும் அந்த விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். “சொல்லியிருக்கலாமே சார். ஊரெல்லாம் உங்களைத் திட்டுது, நானும் சேர்ந்து திட்டினேன்.”

“சொன்னா நீங்க சங்கடப்பட்டு அந்தப் பல்பையும் அணைச்சுடுவீங்க. பாவம், பயப்படுவார்.”

“அதுக்காக இத்தனையும் உங்க மேல வந்து விழணுமா?”

கடுகு நாற்காலியை விளக்குக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“விழட்டுமே டீச்சர். தட்டிவிட எனக்குக் கை இருக்கு.”