முதல் துண்டு

கத்தி இறங்கியதும் மூளைக்குள்ளிருந்து சிவப்பு ஜாம் வழிந்தது. கூட்டம் கைதட்டியது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரிட்டயர் ஆனவர். ரோட்டில் எத்தனையோ பார்த்தவர்தான். ஆனால் அதையெல்லாம் யாரும் க்ரீம் தடவித் தட்டில் வைத்து நீட்டியதில்லை.

ஆஸ்பத்திரியும் பல்கலைக்கழகமும் கைகோத்து மூளை ஆராய்ச்சி செய்யப்போகின்றனவாம். அதற்கு மூளை மாதிரியே ஒரு கேக். மடிப்பு மடிப்பாக, ரோஸ் நிறத்தில், பளபளவென்று. எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றிய யோசனையோ!

கை எங்களுடையது, மூளை உங்களுடையது என்று ஆஸ்பத்திரித் தலைவர் மைக்கில் ஜோக்கடித்தார். பேராசிரியர் விரலில் ஒட்டிய ஜாமை நக்கிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

சீ, என்ன ஜென்மங்களோ.

வேறு நாளாக இருந்தால் எழுந்து போயிருப்பார். மனைவிக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் வருவேன் என்று அடம்பிடித்தவள் அவள்தான். கொண்டுவந்து விட்டதிலிருந்து அவளை அவர் கண்ணில் காட்டவே இல்லை. கேட்டால் அங்கே போ, இங்கே போ என்று அலையவிட்டார்கள். கடைசியில் அவர்களே போன் செய்து, விழாவுக்கு வாருங்கள், முடிந்ததும் காட்டுகிறோம் என்றார்கள்.

ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் அவருக்கு.

"முதல் துண்டு உங்களுக்குத்தான் ஐயா. சர்க்கரை கம்மிதான், பயப்படாம சாப்பிடுங்க." வரவேற்புப் பெண் தட்டை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். தட்டும் கையுமாக அவரைப் போட்டோ வேறு எடுத்தார்கள்.

குப்பைத்தொட்டி எங்காவது தென்படுகிறதா என்று பார்த்தார். ஒன்றையும் காணோம்.

ஒருவழியாகப் பேராசிரியரே அவரை அழைத்துக்கொண்டு போனார். தன் பங்குக் கேக்கைத் தின்றுகொண்டேதான் நடந்தார்.

வார்டுகளைத் தாண்டினார்கள். லிஃப்டில் கீழே இறங்கினார்கள்.

ஜில்லென்று ஓர் அறை. கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. சுவர் நீளத்துக்குப் புதுக் கண்ணாடி அலமாரி. அத்தனை பெரிய அலமாரியில் ஒரே ஒரு ஜாடி.

பேராசிரியர் க்ரீம் ஒட்டிய ஸ்பூனால் அதைக் காட்டினார்.

"எங்களுக்கு மூளையை எழுதிவெச்சுட்டுப் போன முதல் ஆள். உங்க வீட்டம்மாதான்."

அவள் உடலைத் தன் கையாலேயே கொண்டுவந்து ஒப்படைத்த டிரைவர் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். கையில் தட்டு.

இவ்வளவு நேரமும் வீசியெறிய இடம் தேடிய துண்டை, இப்போது கீழே வைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.